ஜிம்னாஸ்டிக்ஸ் பிரிவில் அடித்த கோல்கள்

…நூற்று முப்பத்தொன்று ரெக்ளிங்ஹவுசனில், மழை, இடது கால், கோல்கீப்பரின் இரண்டு கால்களுக்கும் நடுவில் போனது, நூற்று முப்பத்திரண்டும் அதே ஆட்டம்தான், தலையால் அடித்தது, பந்தின் தையல் நெற்றியில் பதிந்து இரண்டு நாள் கிடந்தது, நூற்று முப்பத்துமூன்று… எல்லாரும் உட்கார்ந்துவிட்டார்கள், லிண்டே மட்டும் நின்றுகொண்டிருந்தாள். போன வருஷம் செத்துப்போன உறுப்பினர்களுக்காக ஒரு நிமிஷம் எழுந்து நிற்பது கெம்பன்ப்ரூக் கிளப்பின் ஆண்டுக்கூட்டத்தில் இரண்டாவது அயிட்டம், ஒவ்வொரு மார்ச்சும் ஞாயிறு காலை பதினோரு மணிக்கு இதே கூடம், இதே நாற்காலி, இந்தத் தடவை பதினோரு பேர், சரியாக ஒரு அணி, அதில் இரண்டு பேருக்காவது அவள் மனசார வருத்தப்பட்டிருக்கலாம், ஆனால் அவள் கோல் எண்ணிக்கொண்டிருந்தாள். பக்கத்தில் அவளோடு ஒரே அணியில் ஆடிய உல்லா அவள் ஸ்வெட்டரின் நுனியைப் பிடித்து இழுத்தாள். "உக்காருடி, அவங்க செத்து முடிச்சாச்சு." உட்கார்ந்தாள், இடது முழங்கால் முன் நாற்காலியில் இடித்து வலி தொடை வரை ஏறியது, ஏறட்டும், அந்த முழங்காலுக்குள் பாதி மைதானம் இருக்கிறது, தோலுக்கு அடியில் ஏழெட்டுச் சிவப்புப் புள்ளிகள், பழைய மைதானத்துச் செஞ்சாம்பல், புல்லுக்குப் பதிலாகக் கொட்டியிருந்த உலைக்கழிவுத் துகள், புல்லில் விழுந்தால் வழுக்கும், சாம்பல் தரையில் விழுந்தால் உரிக்கும், உரித்த இடத்துக்குள் போய் உட்கார்ந்துகொள்ளும், டாக்டர் ஒருமுறை பெரிய கண்ணாடி வைத்துப் பார்த்துவிட்டு எடுத்துவிடலாமா என்றார், வேண்டாம் என்றாள். ஏன் வேண்டாம் என்று அவர் கேட்கவில்லை, கேட்டிருந்தாலும் சொல்லியிருக்க மாட்டாள், சொன்னால் பரிதாபப்படுவார், அவளுக்குப் பரிதாபம் ஒத்துக்கொள்ளாது, பன்னிரண்டு வருஷம் ஆண்கள் குளித்து வெந்நீர் தீர்ந்த பிறகு குளித்த உடம்பு அது.

ஜன்னலுக்கு வெளியே இப்போது சாம்பல் கிடையாது. செயற்கைப் புல் விரித்திருக்கிறார்கள், பற்பசை விளம்பரத்துப் பல் மாதிரி பளபளக்கிறது, மே மாதம் திறப்பு விழா, வாசலில் ஒரு எஃகுப் பலகை, கிளப்பின் வரலாற்றிலேயே அதிக கோல் அடித்தவர் என்று எழுதி, கீழே ஒரு பெயருக்கும் ஒரு எண்ணுக்கும் இடம். அங்கே வரப்போவது ராய்னர் தோம்செக், நூற்று அறுபத்துநான்கு. அதோ இரண்டாவது வரிசையில் இருக்கிறான், அறுபத்தாறு வயது, இடுப்பில் புது மூட்டு, கழுத்தில் இன்னும் அந்தச் சங்கிலி. ராய்னர்மேல் அவளுக்குக் கோபம் இல்லை, நல்ல ஸ்ட்ரைக்கர், சோம்பேறி, பாதி ஆட்டம் கோலுக்கு முன்னால் நின்றபடியே முடிந்துவிடும், ஆனால் பந்து பக்கத்தில் வந்தால் அது உள்ளே போய்விட்டது என்று அர்த்தம். நூற்று அறுபத்துநான்கு நல்ல எண்தான். அவளுடைய இருநூற்றுப் பன்னிரண்டு அதைவிடப் பெரிய எண். இதில் அபிப்பிராயத்துக்கு என்ன இருக்கிறது? ஒன்பதாவதோடு படிப்பை நிறுத்தி ரொட்டித் தொழிற்சாலைக்குப் போனவளுக்கே தெரிகிறது எது பெரிய எண் என்று, இங்கே வக்கீல் இருக்கிறான், பள்ளிக்கூட வாத்தியார் மூன்று பேர் இருக்கிறார்கள், யாருக்கும் தெரியவில்லை.

தெரியாமல் இல்லை. அந்தக் கோல்கள் கால்பந்தில் அடித்தவை அல்ல, அதுதான் விஷயம். கிளப் பதிவேட்டின்படி கெர்லிண்டே சோபோட்கா, அதாவது அவள், ஆயிரத்துத் தொள்ளாயிரத்து எழுபத்தைந்து முதல் எண்பத்துநான்கு வரை ஜிம்னாஸ்டிக்ஸ் பிரிவில் உறுப்பினர். பெண்கள் கால்பந்து அணி முழுக்கவே ஜிம்னாஸ்டிக்ஸ் பிரிவு. அப்போதைய தலைவர் குனோ, செத்து இருபது வருஷம் ஆகிறது, வாயில் சுருட்டோடு சொன்னார், "பொம்பளைங்க உதைக்கட்டும், நான் வேணாங்கல, ஆனா கால்பந்துப் பிரிவுன்னு எழுதிட்டா நாளைக்கு டிரெஸ்ஸிங் ரூம் கேப்பீங்க." எண்பத்துநான்கு வரை எழுதவில்லை. பதினைந்து பெண்கள் ஒன்பது வருஷம், ஆண்கள் இரண்டாம் அணி கழற்றிப்போட்ட பழைய ஜெர்சியில், முழங்கால் வரை தொங்கும், சாம்பல் மைதானத்தில் கட்டிப் புரண்டு ஆடியதெல்லாம் காகிதத்தில் உடற்பயிற்சி. லீக்கில் ஆடினார்கள், ரெஃப்ரி வந்தான், விசில் ஊதினான், மஞ்சள் அட்டை காட்டினான், கிளப்புக்கு மட்டும் அது குட்டிக்கரணம். அப்புறம் ஒரு நாள் ஜிம்னாஸ்டிக்ஸ் பிரிவின் தபால் பெட்டியில் ஒரு கடிதம் வந்தது. மாநிலத் தேர்வு அணிக்கு ஆள் எடுக்கிறார்கள், ஒன்பதாம் எண் ஆட்டக்காரி வரவும், தேதி, இடம், பூட்ஸ் கொண்டுவரவும். ஜிம்னாஸ்டிக்ஸ் பொறுப்பாளர் ஹெட்விக் மாதத்துக்கு ஒருமுறைதான் பெட்டியைத் திறப்பாள், பாட்டிகள் நாற்காலியைப் பிடித்துக்கொண்டு காலைத் தூக்குகிற வகுப்புக்கு யார் கடிதம் போடப் போகிறார்கள்? திறந்தபோது தேதி முடிந்து பன்னிரண்டு நாள். ஓடிவந்து கொடுத்தாள், பாவம், அழுதாள், கூடவே ஒரு துண்டு ஆப்பிள் கேக்கும் கொடுத்தாள். லிண்டே கேக்கைத் தின்றாள். காலை நான்கு மணி ஷிஃப்ட் முடித்து வந்த பசி. இருபத்தொரு வயசு. அடுத்த கடிதம் வரவில்லை, வேறு ஒருத்தி ஒன்பதாம் எண் போட்டுக்கொண்டாள், அவள் பெயரை லிண்டே டிவியில் கேட்டாள், ஒருமுறை அல்ல, பலமுறை, ஒவ்வொரு முறையும் வாயில் ஆப்பிள் கேக்.

அதனால்தான் பதிவுத் தபால். தீர்மானம் எழுத்தில் இரண்டு வாரத்துக்கு முன்பே வர வேண்டும் என்பது விதி, கிளப் ஆபீஸ் அவள் வீட்டிலிருந்து நாலு தெரு, கையில் கொடுத்திருக்கலாம், கொடுக்கவில்லை, பதிவுத் தபாலில் அனுப்பி ரசீதை வாங்கிப் பர்ஸில் வைத்திருக்கிறாள். இந்தத் தடவை எந்தப் பெட்டியிலும் எதுவும் தூங்கப் போவதில்லை. ஏழாவது அயிட்டம், உறுப்பினர் சோபோட்காவின் தீர்மானம், ஜிம்னாஸ்டிக்ஸ் பிரிவில் பதிவான கால்பந்து ஆட்டங்களைக் கால்பந்து ஆட்டங்களாக ஏற்றுக்கொள்ள வேண்டும். ஒரு வாக்கியம். அதை எழுத அவளுக்கு நாலு ராத்திரி ஆனது.

பொருளாளர் வாசித்தான், வாசித்தான், யாரும் கேட்கவில்லை, கை தூக்கி ஏற்றுக்கொண்டார்கள், பிறகு பத்து நிமிஷம் இடைவேளை. ஓட்மர் வந்தான். ஓட்மர் வெசெல், இப்போதைய தலைவர், குனோவின் மருமகன், மாமனாரின் நாற்காலியும் மாமனாரின் தொப்பையும் அவனுக்கு வந்துசேர்ந்திருந்தன. கையில் பச்சையாகக் கொத்திய பன்றியிறைச்சியும் வெங்காயமும் தடவிய பாதி ரொட்டி. "லிண்டே, நல்லாருக்கியா? முழங்கால் எப்படி?" கிளப்புக்குள் எல்லாரும் எல்லாரையும் நீ என்றுதான் கூப்பிடுவார்கள், பேரன் வயசு ஆளும் நீ என்பான், அது பழக்கம். முழங்கால் இருக்கு என்றாள். அவன் வெங்காயத்தை மென்று முடித்துவிட்டுக் குரலை இறக்கினான். "ஏழாவது அயிட்டம் பத்தி… தப்பா எடுத்துக்காத. நீயே எந்திரிச்சு எனக்குப் பலகையில பேர் போடுங்கன்னு கேட்டா நல்லாவா இருக்கு? ஜனங்க என்ன பேசும்? உல்லா கொண்டு வரட்டும். அவகிட்ட பேசிட்டேன், சரின்னுட்டா. நீ பெருந்தன்மையா சும்மா உக்காந்திரு, ஓட்டு தானா விழும்." லிண்டே உல்லாவைப் பார்த்தாள். உல்லா காப்பிக் கோப்பைக்குள் பார்த்தாள். "சரின்னியாடி?" "கேட்டான். நீ வேணாம்னா வேணாம். உன் பந்து." ஓட்மர் சிரித்தான், "பாத்தியா, பழைய கூட்டணி, அடிபட்டவ ஏன் பெனால்டியும் அடிக்கணும், சொல்லு" என்றான், சும்மாதான் சொன்னான், இந்த ஊரில் எல்லாரும் சும்மா சொல்கிற வார்த்தை அது, பேக்கரியில் சொல்வார்கள், கல்யாணத்தில் சொல்வார்கள், அவனுக்கு எண்பத்திரண்டு ஞாபகம் இருந்திருக்காது, அப்போது அவன் பள்ளிக்கூடம்கூடப் போயிருக்க மாட்டான்.

எண்பத்திரண்டு, ஜூன், மாவட்டக் கோப்பை இறுதி ஆட்டம், ஒன்றுக்கு ஒன்று, எழுபத்தெட்டாவது நிமிஷம், பெண்களுக்கு அப்போது எண்பது நிமிஷம்தான், அதற்கு முன்னால் எழுபது, தொண்ணூறு ஓடினால் கர்ப்பப்பை கழன்று விழுந்துவிடும் என்று எவனோ டாக்டர் சொல்லியிருந்தான், அதே பெண்கள் பத்து மணி நேரம் நின்று ரொட்டி அடுக்கினால் ஒன்றும் கழன்று விழாது. உல்லா பாஸ் கொடுத்தாள், நடுவிலிருந்து, தாழ்வாக, சாம்பலைக் கிழித்துக்கொண்டு வந்தது, லிண்டே முதல் தொடுதலிலேயே தடுப்பாட்டக்காரியைத் தாண்டிவிட்டாள், கோல்கீப்பர் மட்டும்தான் மிச்சம், அப்போது பின்னாலிருந்து கால், கணுக்காலில், இரண்டு காலும் ஆகாயத்தில், கீழே வந்தபோது முழங்கால்தான் முதலில் தரையைத் தொட்டது. விசில். பெனால்டி. அணியின் பெனால்டியெல்லாம் அவள்தான் அடிப்பாள், அந்த வருஷம் ஆறு அடித்து ஆறும் கோல். பந்தைக் கையில் எடுத்துக்கொண்டு போனாள், ரத்தம் சாக்ஸுக்குள் இறங்கிக்கொண்டிருந்தது, கோட்டுக்கு வெளியிலிருந்து பயிற்சியாளர் ஏகோன் கத்தினார், "லிண்டே, நீ வேணாம், அடிபட்டவ அடிக்கக் கூடாது, உல்லா அடிக்கட்டும்!" அது எந்தச் சட்டப் புத்தகத்திலும் இல்லை. ஆனால் இந்த நாட்டில் ஃபௌல் வாங்கினவர் பெனால்டி அடித்தால் தவறும் என்று நம்பாத பயிற்சியாளர் கிடையாது, கோபத்தில் அடிப்பார், நடுக்கத்தில் அடிப்பார், தன் காயத்துக்காக அடிப்பார், அணிக்காக அடிக்க மாட்டார். உல்லா அடித்தாள். கம்பத்தில் பட்டது. அந்தச் சத்தம் இருக்கிறதே, காலிப் பீப்பாயில் சுத்தியலால் அடித்த மாதிரி. கூடுதல் நேரத்தில் தோற்றார்கள். எல்லாரும் உல்லாவைக் கட்டிப்பிடித்து ஆறுதல் சொன்னார்கள், லிண்டேயும் சொன்னாள், தோளைத் தட்டி, போகுதுடி விடு என்றாள், போகவில்லை, நாற்பத்துமூன்று வருஷம், ரொட்டி அடுக்கும் பெல்ட் முன்னால், பல் டாக்டர் நாற்காலியில், புருஷன் யூர்கனைப் புதைத்த அன்று கல்லறையிலிருந்து திரும்பும் பஸ்ஸில்கூட அவள் அந்தப் பெனால்டியை அடித்துக்கொண்டிருந்தாள், இடது கீழ் மூலை, எப்போதும் இடது கீழ் மூலை, ஒருமுறைகூடத் தவறவில்லை.

ஏகோன்தான் கெடுத்தார். அப்படித்தான் அவள் யாரிடமும் சொல்வாள். ஆனால் இப்போது, ஓட்மரின் வாயிலிருந்து வெங்காய வாசனை அடிக்க அடிக்க, ஒன்று முள்ளாகக் குத்தியது… ஏகோன் கத்தினார், சரி, எண்பது மீட்டர் தள்ளி நின்று கத்தினார், ஓடி வந்து பந்தைப் பிடுங்கினாரா? ரெஃப்ரி பிடுங்கினானா? உல்லா கேட்டாளா? உல்லா பின்வாங்கினாள், தலையை ஆட்டினாள், வேணாம் வேணாம் என்று கையைக்கூடப் பின்னால் கட்டிக்கொண்டாள். பந்து லிண்டேயின் கையில்தான் இருந்தது. அவள்தான் நீட்டினாள். இந்தா என்று நீட்டின கை அவளுடைய கை. ஏன் நீட்டினாள்? ஆறுக்கு ஆறு அடித்தவள் ஏன் நீட்டினாள்? சொன்னதைக் கேட்டுப் பழகிய கை. ஜிம்னாஸ்டிக்ஸ் என்றால் ஜிம்னாஸ்டிக்ஸ், பழைய ஜெர்சி என்றால் பழைய ஜெர்சி, கேக் என்றால் கேக். "ஓட்மர்," என்றாள், "நான்தான் பேசுவேன்." "யோசிச்சுப் பாரு, லிண்டே." "யோசிச்சாச்சு. ராய்னர் தான் வாங்கின பெனால்டியை எல்லாம் தானே அடிச்சான். அவன்கிட்ட எவனாவது பெருந்தன்மையா உக்காருடான்னு சொன்னானா?" ஓட்மர் மிச்ச ரொட்டியை வாயில் போட்டுக்கொண்டு தன் மேசைக்குத் திரும்பினான்.

ஏழாவது அயிட்டம். ஓட்மர் கண்ணாடியை மாட்டிக்கொண்டு, "திருமதி சோபோட்கா, நீங்க பேசலாம்" என்றான். ஓ, நீங்க ஆயிட்டேனா. ஐம்பது வருஷத்தில் இந்தக் கூடத்தில் யாரும் அவளைத் திருமதி என்று கூப்பிட்டதில்லை, கதவை மூடுகிற சத்தம் அதில் இருந்தது. எழுந்தாள். கை நாற்காலியின் முதுகைப் பிடித்துக்கொண்டது, விடு, பிடிக்காதே, ஹெட்விக்கின் வகுப்பு இல்லை இது. விட்டாள். அறுபது எழுபது முகங்கள், பீர், காப்பி, இருமல், சின்ன வயசுப் பெண்கள் கடைசி வரிசையில், பதினேழு வயசுக்காரர்கள் அணி, போன் பார்த்துக்கொண்டிருந்தார்கள். நன்றாகப் பேசுவதற்கு வீட்டில் பயிற்சி எடுத்திருந்தாள், எல்லாம் மறந்துபோனது, நல்லவேளை. "எழுபத்தஞ்சுலேர்ந்து தொண்ணூத்தொண்ணு வரைக்கும் ஆடினேன். இருநூத்திப் பன்னெண்டு கோல். அதுல நூத்தி நாப்பத்தொண்ணு உங்க கணக்குல ஜிம்னாஸ்டிக்ஸ். நான் கேக்குறது அன்பளிப்பு இல்ல. நடந்ததை நடந்த மாதிரி எழுதுங்க. அவ்வளவுதான்." உட்காரலாமா? உட்காரவில்லை. இன்னும் பந்து பெனால்டி புள்ளியில்தான் இருக்கிறது.

நோர்பர்ட் கை தூக்கினான், ரிட்டயர்டு வாத்தியார், கிளப்பின் வரலாற்றுப் புத்தகத்தை எழுதியவன், அதில் பெண்கள் அணிக்கு ஒரு போட்டோ, அதுவும் கேக் விற்கிற போட்டோ. "விதிப்படி பேசுறேன், யாரும் கோச்சுக்க வேணாம், ஜிம்னாஸ்டிக்ஸ்ல எப்படிங்க கோல் விழும்?" சிரித்தார்கள். லிண்டே காத்திருந்து, சிரிப்பு அடங்கியதும் சொன்னாள், "அதைத்தான் நானும் ஐம்பது வருஷமா கேக்குறேன், நோர்பர்ட். பந்தை இடுக்கிக்கிட்டுக் குட்டிக்கரணம் போட்டு வலைக்குள்ள விழுந்தேன்னு உன் புத்தகத்துல எழுதேன், பாப்போம்." இந்தத் தடவை சிரிப்பு வேறு பக்கத்திலிருந்து வந்தது, கடைசி வரிசையில் போன்கள் இறங்கின. வக்கீல் எழுந்தான், மாற்று யோசனை ஒன்று, பெண்களுக்குத் தனிப் பலகை, அழகா, உள்ளே, பீர் கவுண்டர் பக்கத்தில். "கழிப்பறைக்குப் போற வழியிலயா?" என்றாள். "அந்தச் சுவர்ல இடம் இருக்கு, அதனால…" "வேணாம். மைதானம் ஒண்ணுதான இருந்துச்சு, எங்களுக்குன்னு தனியாவா சாம்பல் கொட்டினீங்க?" குரல் ஏறுகிறது, தெரிகிறது, கோபத்தில் அடிப்பார், நடுக்கத்தில் அடிப்பார், தன் காயத்துக்காக அடிப்பார்… ஆமாம், என் காயத்துக்காகத்தான் அடிக்கிறேன், வேறு யாருடைய காயத்துக்காக அடிக்கணும்? ராய்னர் இரண்டாவது வரிசையிலிருந்து எழுந்திருக்க முயன்று, இடுப்பு ஒத்துழைக்காமல், உட்கார்ந்தபடியே திரும்பினான். "ஏய், என்னையும் கேளுங்கப்பா. என் நூத்தி அறுபத்திநாலுல முப்பத்தொண்ணு பெனால்டி. அதுல பாதி நானே விழுந்து வாங்கினது. எனக்குப் பலகையும் வேணாம் ஒண்ணும் வேணாம், பீர் மட்டும் விடாம வந்தாப் போதும்." அவனுக்கு அது ஜோக், ஆனால் பரவாயில்லை, ஜோக்கிலும் கோல் விழும்.

நோர்பர்ட் விடவில்லை. "உணர்ச்சி எல்லாம் சரி. ராய்னரோட கோல் பத்திரிகையில இருக்கு, வாரா வாரம். இருநூத்திப் பன்னெண்டை எண்ணினது யாரு?" "நான்." "நீங்க மட்டும்?" "பத்திரிகைக்காரன் எங்க ஆட்டத்துக்கு வந்திருந்தா அவனும் எண்ணியிருப்பான்." "ஆட்ட அறிக்கை?" ரெஃப்ரி கையெழுத்துப் போட்ட அறிக்கைகள் கிளப் நிலவறையில் இருந்தன, தொண்ணூற்றெட்டில் தண்ணீர் புகுந்தது, ஆண்களுடையது மேல் அலமாரி, பெண்களுடையது தரையில். அது அவனுக்கும் தெரியும். "வேற சாட்சி இருக்கா?" என்றான், கேள்வி மாதிரி இல்லை, விசில் மாதிரி இருந்தது. ஒன்று முதல் சொல்லவா, லிண்டே நினைத்தாள், ஒன்று, செப்டம்பர் எழுபத்தைந்து, வலது கால், எனக்குப் பதினைந்து வயசு, கம்பத்துக்குப் பக்கத்தில் நாய் ஒன்று படுத்திருந்தது, இரண்டு, மூன்று, இருநூற்றுப் பன்னிரண்டு வரை சொல்கிறேன், சாயங்காலம் வரை ஆகும், ஒருத்தரும் எழுந்து போகக் கூடாது… வாயைத் திறந்தாள். பக்கத்தில் நாற்காலி கீச்சிட்டது. உல்லா எழுந்து நின்றாள். உல்லா பிரிங்க்ஃபோர்ட், ஆறாம் எண், நடு ஆட்டக்காரி, கிளப் கூட்டத்தில் இதுவரை கை தூக்கியிருக்கிறாள், வாய் திறந்ததில்லை.

"நானும் எண்ணினேன்," என்றாள் உல்லா. "எல்லா ஆட்டத்துலயும் இருந்தேன். பாதிக்கு மேல பாஸ் நான் கொடுத்தது. சத்தியம் பண்ணச் சொன்னா பண்றேன், எந்தக் கோர்ட்டுலயும். இருநூத்திப் பதினொண்ணு." யாரோ களுக்கென்று சிரித்தார்கள். லிண்டே திரும்பினாள். "என்னது?" "இருநூத்திப் பதினொண்ணுடி." "பன்னெண்டு." "பதினொண்ணு. ஹெர்னேல அடிச்ச கோல் என்னுது." மூஞ்சியில் யாரோ பந்தால் அடித்த மாதிரி இருந்தது. ஹெர்னே. எண்பது நவம்பர். எண்பத்தேழாவது கோல். மூடுபனி, எதிர்க் கோல் தெரியாது, ஆட்டத்தை நிறுத்தியிருக்க வேண்டும், நிறுத்தவில்லை, பெண்கள் ஆட்டத்தை எவன் இன்னொரு நாள் வந்து நடத்துவான்? கார்னர், பந்து பனிக்குள் போனது, பனிக்குள்ளிருந்து வந்தது, அவளும் உல்லாவும் ஒன்றாக எகிறினார்கள், வலை அசைந்தது. ரெஃப்ரி குறிப்பேட்டை வைத்துக்கொண்டு யாரு என்று கேட்டான், யாரோ லிண்டே என்றார்கள், எப்போதும் போல. "என் தலையில பட்டுச்சு," உல்லா மெதுவாகச் சொன்னாள், கூட்டத்துக்கு அல்ல, இவளுக்கு, "சொல்ல வேணாம்னு விட்டுட்டேன். ஒன்பதாம் நம்பர் நீ. கோல் உன் வேலைன்னு நெனச்சேன்." "நாப்பத்தஞ்சு வருஷம் கழிச்சு இப்பவா சொல்லுவ? இங்கயா?" "நடந்ததை நடந்த மாதிரி எழுதுங்கன்னு நீதான சொன்ன."

ஓட்மர் மேசையைத் தட்டினான். பன்னிரண்டோ பதினொன்றோ, நூற்று அறுபத்துநான்குக்கு மேல்தான், ஓட்டுக்கு விடுகிறேன் என்றான். ஆதரவு. கைகள் எழுந்தன, லிண்டே அவற்றை எண்ண வேண்டும் என்று மூன்று மாதமாகக் காத்திருந்தவள், எண்ணவில்லை, அவள் மூடுபனிக்குள் இருந்தாள், கடைசி வரிசை முழுக்க ஒரே தூக்காகக் கை தூக்கியது, ராய்னர் இரண்டு கையையும் தூக்கினான், ஒன்றை இறக்கச் சொன்னார்கள், உல்லாவின் கை அவள் காதுக்குப் பக்கத்தில் நேராக நின்றது. எதிர்ப்பு. நோர்பர்ட், வக்கீல், அவர்களுக்குப் பின்னால் ஒரு வரிசை. முப்பத்தாறு, இருபத்தொன்று. மற்றவர்கள் பீர் குடித்தார்கள். நிறைவேறியது. கைதட்டினார்கள், பின்வரிசைப் பெண் ஒருத்தி விரலை வாயில் வைத்து விசிலடித்தாள், அதிலும் ஒரு கோபம் இருந்தது, நல்ல கோபம், இந்தப் பெண் பெனால்டியை யாரிடமும் நீட்ட மாட்டாள். ஓட்மர் பேனாவை எடுத்தான், நீங்க போய் நீ திரும்ப வந்தது. "சரி, லிண்டே, ஜெயிச்சுட்ட. பலகை செய்யறவனுக்கு நாளைக்கு அனுப்பணும். என்ன எழுத? பன்னெண்டா பதினொண்ணா? எழுதிட்டு அடுத்த அயிட்டத்துக்குப் போறேன், எல்லாருக்கும் பசிக்குது."

பன்னிரண்டு. நாக்கு நுனியில் தயாராக இருந்தது, ஒவ்வொன்றும் உழைத்துச் சம்பாதித்தது, ஒன்றைக்கூட விட மாட்டாள், ஒன்றை விட்டால் எல்லாவற்றையும் கேட்பார்கள். உல்லா கோப்பையின் காதைத் திருப்பித் திருப்பி வைத்துக்கொண்டிருந்தாள். லிண்டே கண்ணை மூடி ஹெர்னேக்குப் போனாள், பந்து தலையில் பட்டதா, பட்டிருக்க வேண்டும், ஆனால் எது பட்டது என்று இப்போது எப்படிச் சொல்வது, நெற்றி எத்தனையோ பந்தை வாங்கியது, எதற்கும் பெயர் எழுதி வைக்கவில்லை… வேறு வழி இருக்கிறது. கோல் அடித்தவள் நிற்பாள், மற்றவர்கள்தான் அவளிடம் ஓடி வருவார்கள், அது பொய் சொல்லாது, உடம்புக்குத் தெரியும். அந்த நாளில் யார் யாரிடம் ஓடினார்கள்? வலை அசைந்தது, சத்தம், பனிக்குள்ளிருந்து உல்லாவின் முகம், வாய் திறந்திருக்கிறது, கைகள் விரிந்திருக்கின்றன, முகம் பெரிதாகிக்கொண்டே வருகிறது, பெரிதாகிக்கொண்டே… அவள் வருகிறாளா? இல்லை, நான் போகிறேனா? கீழே பார்க்கிறாள், தன் கால்களைப் பார்க்க, பனியில் கால்கள் தெரியவில்லை. "லிண்டே?" என்றான் ஓட்மர். பேனா காகிதத்தைத் தொட்டது. "கொஞ்சம் இரு," என்றாள், "எழுதாத."